பகடையிலும் சீட்டிலும் பொய் சொல்லி ஜெயிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: "விடுமுறைக்கு வீட்டில் ஆறு பேர் கூடுகிறோம். ரம்மி அலுத்துப்போய் இப்போது சீட்டில் ப்ளஃப் மட்டும்தான். அத்தை பையன் என்ன பொய் சொன்னாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது, அவனே ஜெயிக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிடும், மாட்டிக்கொள்கிறேன். பகடை வைத்துப் பொய் சொல்லும் ஆட்டம் ஒன்று இருக்கிறதாமே, அதை எப்படி ஆடுவது? இந்த மாதிரி ஆட்டங்களுக்கு உத்தி என்று ஏதாவது உண்டா?"

உண்டு. ஆனால் முதலில் அத்தை பையனின் முகத்தை மறந்துவிடுங்கள். 2019இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கின் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து உருவாக்கிய ப்ளூரிபஸ் என்ற நிரல், ஆறு பேர் ஆடும் போக்கரில் தொழில்முறை ஆட்டக்காரர்களையே தோற்கடித்தது. எதிராளியின் முகத்தைப் பார்க்க அதற்குக் கண் கிடையாது, மறைத்துக்கொள்ளத் தனக்கென்று ஒரு முகமும் கிடையாது. எதை எத்தனை முறை சொல்வது, எப்போது விட்டுக்கொடுப்பது என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு அது நன்றாகவே பொய் சொன்னது. உங்களுக்குச் சிரிப்பு வருவது ஒரு பிரச்சினையே இல்லை. உண்மை சொல்லும்போதும் சிரித்துவைத்தால் போதும், அந்தச் சிரிப்பிலிருந்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

புது ஆட்டம் ஒன்றைக் கற்கும்போது நான் விதிகளில் முதலில் தேடுவது ஒரே ஒரு விஷயம். ஒருவர் பொய் சொன்னால், அதைச் சந்தேகப்பட வேண்டிய பொறுப்பு யார் தலையில் விழுகிறது? பகடை ஆட்டத்தில் அது அடுத்து உட்கார்ந்திருப்பவர் தலையில் மட்டும். சீட்டு ப்ளஃபில் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். இன்னும் சில ஆட்டங்களில் ஆளை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இந்த இடம் மாறினால் சொல்ல வேண்டிய பொய்யும் மாறிவிடும். ஒரே முகபாவத்தோடு எல்லா ஆட்டத்தையும் ஆடுகிறவர்கள் அதனால்தான் ஒன்றில் ஜெயித்து இன்னொன்றில் உதை வாங்குகிறார்கள்.

சரி, பகடையைப் பார்ப்போம். பெரு, சிலி, பொலிவியா பக்கம் வீட்டிலும் மதுக்கடையிலும் காலங்காலமாக ஆடுகிற ஆட்டம் இது. பிரிட்டனில் பெரூடோ என்ற பெயரில் பெட்டியாக விற்கிறார்கள். ரிச்சர்ட் போர்க் வடிவமைத்த பதிப்பு 'ப்ளஃப்' என்ற பெயரில் ஜெர்மனியில் 1993ஆம் ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்கான விருதை வாங்கியது. சீனாவில் பாருக்குப் போனால் மேசை மேசையாக இதைத்தான் ஆடிக்கொண்டிருப்பார்கள். உங்களுக்குப் பெட்டி எதுவும் வேண்டாம். ஆளுக்கு 5 பகடை, ஒரு டம்ளர். ஆறு பேருக்கு 30 பகடை. எவர்சில்வர் டம்ளர் காது கிழியச் சத்தம் போடும், ஆனாலும் அதுதான் நல்லது. உள்ளே இருப்பது தெரியாது, கவிழ்த்தால் நகராது.

எல்லாரும் ஒரே நேரத்தில் குலுக்கிக் கவிழ்க்க வேண்டும். டம்ளரை லேசாகச் சாய்த்து உங்கள் 5 பகடையை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். ஆரம்பிப்பவர் மேசையில் இருக்கிற மொத்தப் பகடைகளையும் பற்றி ஓர் ஏலம் சொல்வார்: "ஏழு நாலு". அதாவது எல்லா டம்ளருக்கடியிலும் சேர்த்து குறைந்தது 7 பகடையிலாவது நாலு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்தவருக்கு இரண்டே வழி: ஏலத்தை ஏற்றலாம், இல்லையென்றால் "பொய்" என்று சொல்லலாம். ஏற்றுவதென்றால் எண்ணிக்கையைக் கூட்டி எந்த முகத்தையும், அதாவது பகடையின் மேலே தெரியும் எந்த எண்ணையும், சொல்லலாம். அல்லது எண்ணிக்கையை அப்படியே வைத்து முகத்தை உயர்த்தி "ஏழு ஐந்து" எனலாம். "பொய்" என்று சொன்னதும் எல்லா டம்ளரும் மேலே வரும், எண்ண வேண்டும். சொன்ன அளவோ அதற்கு மேலோ இருந்தால் சந்தேகப்பட்டவருக்கு ஒரு பகடை போச்சு. குறைந்தால் ஏலம் சொன்னவருக்குப் போச்சு. தோற்றவர் அடுத்த சுற்றை ஆரம்பிப்பார். பகடை தீர்ந்தவர் வெளியே, கடைசியாக நிற்பவர் வெற்றி.

ஒரு முக்கியமான விதி பாக்கி. ஒன்று என்ற முகம் ஜோக்கர். நாலை எண்ணினால் அது நாலு, ஐந்தை எண்ணினால் ஐந்து. இந்த ஜோக்கரால்தான் கணக்கு சுவாரசியமாகிறது. ஆகவே ஒவ்வொரு பகடையும் நீங்கள் சொல்லும் முகத்துக்கு உதவுவதற்கான வாய்ப்பு ஆறில் ஒன்று அல்ல, மூன்றில் ஒன்று.

இதிலிருந்து மனக்கணக்கு ஒன்று கிடைக்கிறது. தெரியாத பகடைகளை மூன்றால் வகுத்து, உங்களிடம் இருப்பதைக் கூட்டுங்கள். முதல் சுற்றில் உங்களுக்குத் தெரியாதவை 25. மூன்றால் வகுத்தால் எட்டும் கொஞ்சமும். உங்கள் கையில் 4, 4, 1, 2, 6 என்று வைத்துக்கொள்வோம். ஜோக்கரோடு சேர்த்து நாலுக்கு 3 இருக்கிறது. ஆக, மேசையில் சுமார் 11 நாலு எதிர்பார்க்கலாம்.

ஆனால் "சுமார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் நடு ஆட்டத்தில் வெளியே போகிறார்கள். அந்த 11ஐச் சுற்றி வாய்ப்பு எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்தவர்களின் 25 பகடையில் குறைந்தது 7 உதவி கிடைக்க 78 சதவீத வாய்ப்பு. 8 கிடைக்க 63. 9 கிடைக்க 46. 10 என்றால் 30. 11 என்றால் 18. 12 என்றால் 9. ஒவ்வொரு படியிலும் ஒன்பதிலிருந்து பதினேழு புள்ளி வரை விழுகிறது. "பத்து நாலு" உங்கள் கைக்கு ஏறக்குறைய உண்மை, "பன்னிரண்டு நாலு" பாதிக்கும் கீழே. இடையில் இருப்பது இரண்டே படி.

இப்போது உங்களுக்கு வலப்பக்கம் இருப்பவர் "பதினொரு நாலு" என்று உங்களிடம் தள்ளிவிட்டார் என்று வையுங்கள். இடஞ்சுழியாகவோ வலஞ்சுழியாகவோ, எப்படிச் சுற்றினாலும் கணக்கு ஒன்றுதான். "பொய்" என்று சொன்னால் 63 சதவீதம் நீங்கள் தோற்பீர்கள், ஏனென்றால் உங்கள் கையே அவருக்கு 3 கொடுக்கிறது. "பன்னிரண்டு நாலு" என்று ஏற்றினால் அது பொய்யாக இருக்க 54 சதவீத வாய்ப்பு. கேட்கும்போது பயமாக இருக்கும். ஆனால் உங்களுக்கு அடுத்தவர் பிடித்தால்தானே தோற்பீர்கள்? அவர் பாதி நேரம்தான் பிடிப்பார் என்றால் உங்கள் ஆபத்து 27 சதவீதம். மீதி நேரம் அவரும் ஏற்றிவிட்டுப் போவார், சண்டை உங்களை விட்டு நகர்ந்துவிடும்.

ஆறு பேர் ஆட்டத்தின் உயிர்நாடி இதுதான். சந்தேகப்பட்ட அந்த நொடியில் இரண்டு பேரில் ஒருவர் தோற்றாக வேண்டும், அதில் ஒருவர் நீங்கள். ஏற்றினால் தோற்கக்கூடிய இடத்தில் மட்டும்தான் இருக்கிறீர்கள். அதனால் நடுத்தரமான ஏலத்தைச் சந்தேகப்படாதீர்கள், ஏற்றிவிட்டு நகருங்கள். பிடிப்பதை உங்கள் கையில் அந்த முகமே இல்லாதபோது வைத்துக்கொள்ளுங்கள். நாலும் இல்லை, ஜோக்கரும் இல்லை என்ற நிலையில் "பதினொரு நாலு" வந்தால், வெறும் கணக்கில் அது உண்மையாக இருக்க 18 சதவீதம்தான். பிடித்துவிடலாம்.

வெறும் கணக்கில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஏலம் சொல்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதில்லை. மூன்று பேர் வரிசையாக நாலையே ஏற்றியிருந்தால் நாலு மேசையில் சராசரியைவிட அதிகம் என்று எடுத்துக்கொள்வது நியாயம். நல்ல பொய் நுழைகிற இடமும் இதுவே. உங்களிடம் நாலே இல்லாதபோது சூடாக ஓடிக்கொண்டிருக்கிற நாலை இன்னும் ஒரு படி ஏற்றினால், அடுத்தவர்கள் உங்கள் கையிலும் ஒன்றிரண்டு நாலைச் சேர்த்து எண்ணிவிடுவார்கள். ஊதிப் பெருத்த ஏலம் இரண்டு மூன்று பேர் தள்ளி யார் தலையிலாவது வெடிக்கும். புதிதாக ஒரு முகத்தை நீங்களே கிளப்பிப் பொய் சொல்வதைவிட, ஊர் நம்புகிற பொய்யில் ஒட்டிக்கொள்வது மலிவு.

எந்தக் கையோடு பொய் சொல்வது என்பதற்கும் பதில் இருக்கிறது. கணிதமேதை ஜான் வான் நாய்மன், ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கரை எளிமையாக்கி ஆராய்ந்தார். அதில் வந்த முடிவு பலருக்கும் வியப்பாக இருக்கும்: பொய்யாகப் பந்தயம் கட்ட உகந்தது ஆக மோசமான கை. சுமாரான கையை வைத்துக்கொண்டு பொய் சொல்லக் கூடாது, அதற்கென்று கொஞ்சம் மதிப்பு இருக்கிறது, அதை வீணாக்க வேண்டாம். பகடையில் ஆக மோசமான கை 2, 3, 4, 5, 6. ஜோடியும் இல்லை, ஜோக்கரும் இல்லை. எந்த முகத்தைச் சொன்னாலும் உங்களிடம் ஒன்றே ஒன்றுதான். இந்தக் கையோடு தாராளமாக அளந்துவிடுங்கள். இரண்டு ஒன்றும் ஒரு ஜோடியும் வந்திருந்தால் உண்மையைச் சொல்லுங்கள், போன சுற்றில் நீங்கள் அளந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருப்பதால் யாராவது வந்து மாட்டுவார்கள். எப்போதாவது பொய்யில் பிடிபடுவது நஷ்டமே இல்லை. நம்முடைய உண்மையை மற்றவர்கள் சந்தேகப்பட வேண்டுமென்றால் அதற்குக் கொடுக்கிற முதல் அது.

ஆரம்பிக்கும்போது என்ன எண் சொல்வது? புதியவர்கள் பயந்துகொண்டு "மூன்று நாலு", "ஐந்து நாலு" என்று தொடங்குவார்கள். பார்க்கப் பாதுகாப்பாகத்தான் இருக்கும். ஆறு பேரில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றாக ஏற்றினால் உங்கள் 5, சுற்றி வந்து 10 ஆக உங்கள் முன்னால் நிற்கும். 30 பகடைக்குச் சராசரியே 10. சிக்கலான இடத்தை நீங்களே உங்களுக்காக வரவழைத்துக்கொண்டீர்கள். 7இல் தொடங்கினால் அந்தச் சிக்கல் மூன்று நான்கு பேர் தள்ளி வெடிக்கும். முகத்தை மட்டும் உயர்த்துகிற ஆட்களும் இருப்பதால் இது துல்லியமாக நடக்காது, ஆனாலும் சுற்றி வரும்போது எந்த எண் உங்களைத் தேடி வரும் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாயைத் திறப்பது நல்ல பழக்கம். நல்ல கை இருந்தால் நேராக "பத்து நாலு" என்றே தொடங்கலாம். அடுத்தவர் ஒரு தகவலும் இல்லாமல் முதல் ஆளாகவே முடிவெடுக்க வேண்டும்.

ஒன்றுகளை ஏலம் சொல்வதற்குத் தனி விதி. ஒன்றுக்கு ஜோக்கர் துணை கிடையாது, ஆகவே சராசரி பாதிதான். எந்த முகத்திலிருந்தும் ஒன்றுக்கு மாறினால் எண்ணிக்கையைப் பாதியாக்கலாம், அரை வந்தால் மேலே ஏற்ற வேண்டும். "பத்து நாலு" என்பதற்குப் பதில் "ஐந்து ஒன்று". அங்கிருந்து வேறு முகத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் இரட்டிப்பாக்கி ஒன்று கூட்ட வேண்டும், அதாவது குறைந்தது 11. சுற்றை ஒன்றில் ஆரம்பிக்க அனுமதிப்பதில்லை. பலர் இதை ஏதோ சிக்கலான துணை விதி என்று விட்டுவிடுகிறார்கள். நான் கேட்டால் ஆட்டத்தின் ருசியே இதில்தான். "பத்து நாலு" உங்களிடம் வருகிறது, கையில் 1, 1, 3, 5, 6. "பதினொரு நாலு" என்று ஏற்றினால் அது உண்மையாக 46 சதவீதம். "ஐந்து ஒன்று" என்று திருப்பினால், மீதி 25 பகடையில் மூன்றே ஒன்று விழுந்திருந்தால் போதும், 81 சதவீதம். ஒரே கை, ஒரே நிலைமை, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பாதுகாப்பு. இரண்டு ஒன்று கையில் இருந்தால் எப்போதும் இந்தக் கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

"சரியாக அத்தனையே" என்று சொல்லி, துல்லியமாக இருந்தால் இழந்த ஒரு பகடையைத் திரும்பப் பெறும் விதியும் சில வீடுகளில் உண்டு. 25 தெரியாத பகடைகளில் எந்த ஒரு எண்ணும் துல்லியமாக அமைய அதிகபட்ச வாய்ப்பே 17 சதவீதம். முதல் சுற்றுகளில் வேண்டாம். பகடை குறைந்த பிறகு யோசிக்கலாம். ஒரே பகடைக்கு இறங்கியவருக்கு ஒரு சலுகைச் சுற்று உண்டு: அவர் ஆரம்பிப்பார், அந்தச் சுற்றில் ஒன்று ஜோக்கர் அல்ல, அவர் சொன்ன முகத்தை மற்றவர்கள் மாற்ற முடியாது. வாய்ப்பு மூன்றில் ஒன்றிலிருந்து ஆறில் ஒன்றாகச் சட்டென்று இறங்குவதை மறந்துவிட்டுப் பழைய வேகத்தில் ஏற்றுகிறவர்கள்தான் அதில் மாட்டுவார்கள்.

இரண்டு பேர் மிஞ்சும்போது ஆட்டத்தின் குணமே மாறிவிடும். இதுவரை சொன்ன "ஏற்றிவிட்டு நகருங்கள்" என்ற அறிவுரை அங்கே செல்லாது, நகர்ந்து போக யாரும் இல்லை. உங்களிடம் 2 பகடை, எதிராளியிடம் 3. அவர் கையில் நீங்கள் சொல்லும் முகத்துக்கு ஒன்றாவது உதவ 70 சதவீதம், இரண்டு உதவ 26, மூன்றும் உதவ 4க்கும் கீழே. சரிவு அல்ல, செங்குத்து. உங்களிடம் ஒரு ஐந்து இருந்தால் "இரண்டு ஐந்து" நல்ல ஏலம், "மூன்று ஐந்து" தற்கொலை. ஆகவே அந்த 70 சதவீத ஏலத்தை யார் முதலில் சொல்கிறாரோ அவருக்குத்தான் சுற்று சாய்கிறது. உங்கள் முறை முதலில் வந்தால் தயங்காமல் அதையே சொல்லுங்கள், "ஒரு ஐந்து" என்று ஆரம்பித்து எதிராளிக்குப் படிக்கட்டு போட்டுக் கொடுக்காதீர்கள்.

இனி நீங்கள் ஏற்கெனவே ஆடுகிற சீட்டு ப்ளஃப். இதில் இரண்டு வகை உண்டு. நம் ஊர் ஹாஸ்டல்களில் பெரும்பாலும் ஆடுவது, ஆரம்பிப்பவர் ஒரு எண்ணைச் சொல்லிக் கவிழ்த்து இறக்குவார், மற்றவர்கள் அதே எண்ணைச் சொல்லி இறக்க வேண்டும் அல்லது பாஸ். எல்லாரும் பாஸ் சொன்னால் கட்டு ஒதுக்கப்படும், கடைசியாக இறக்கியவர் புது எண்ணில் தொடங்குவார். இன்னொரு வகையில் எண் தானாக ஏறும்: முதல் ஆள் ஏஸ், அடுத்தவர் 2, அதற்கடுத்தவர் 3, பாஸ் கிடையாது. இரண்டிலும் பிடிபட்டால் பொய் சொன்னவர் மொத்தக் கட்டையும் அள்ள வேண்டும், உண்மையாக இருந்தால் பிடித்தவர் அள்ள வேண்டும். கை முதலில் காலியானவர் வெற்றி.

எண் ஏறுகிற வகையில் பொய் ஒரு தேர்வே அல்ல. ஆறு பேருக்கு ஒரு கட்டைப் போட்டால் நாலு பேருக்கு 9 சீட்டு, இரண்டு பேருக்கு 8. உங்கள் 9 சீட்டில் கேட்கப்படும் எண் ஒன்றுகூட இல்லாமல் போக 46 சதவீத வாய்ப்பு. அதாவது முதல் சுற்றில் கிட்டத்தட்ட பாதிப் பேர் வேறு வழியின்றிப் பொய் சொல்கிறார்கள். "ஒரு ஏழு" என்று முனகுகிறவரைப் பிடிப்பதில் பெரிய புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை, பூவா தலையாதான். ஆனால் ஒருவர் "மூன்று ஏழு" என்று இறக்கினால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 9 சீட்டுக் கையில் ஒரு குறிப்பிட்ட எண் மூன்றோ நான்கோ வந்திருக்க 1.4 சதவீதம்தான்.

இந்த வகையில் பலருக்கும் தெரியாத ஒரு வசதி உண்டு. உங்களுக்கு எந்த எண் எப்போது வரும் என்பது முன்கூட்டியே நிச்சயம். ஆறு பேரில் நீங்கள் ஏஸில் ஆரம்பித்தால் அடுத்த முறை உங்களுக்கு 7, பிறகு ராஜா, 6, ராணி, 5, ஜாக்கி, 4, 10, 3, 9, 2, 8. ஆறாறாகத் தாவி, 13ஐத் தாண்டினால் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். இந்த வரிசையில் சீட்டைக் கையில் அடுக்கி வையுங்கள். பொய் சொல்ல நேரும்போது வரிசையின் வால்பகுதியிலிருந்து, அதாவது 8, 2, 9 இவற்றைக் கவிழ்த்துத் தள்ளுங்கள், அவை உங்களுக்கு உண்மையாகத் தேவைப்படும் முன்பே ஆட்டம் பெரும்பாலும் முடிந்திருக்கும். 7ஐயும் ராஜாவையும் பொய்க்குச் செலவழித்துவிட்டு அடுத்த இரண்டு முறையும் கைவசம் ஒன்றும் இல்லாமல் முழிப்பதைத்தான் பெரும்பாலானவர்கள் செய்கிறார்கள்.

ஹாஸ்டல் வகையில் கவனிக்க வேண்டியது வேறு. எண்ணைத் தேர்ந்தெடுப்பவர் ஆரம்பிப்பவர், ஆகவே அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. தன்னிடம் இருப்பதைத்தானே தேர்ந்தெடுப்பார்? சந்தேகம் பின்னால் வருகிறவர்கள் மேல் இருக்க வேண்டும். உங்களிடம் இரண்டு ராஜா இருக்கும்போது பின்னால் வருகிற ஒருவர் "ரெண்டு ராஜா" என்றால், மீதி இரண்டும் அவர் ஒருவரிடமே போயிருக்க 4 சதவீதம். உங்களிடம் மூன்று இருந்தால் கணக்கே வேண்டாம், சுத்தப் பொய். இதனால்தான் நடுவில் ஒரு முறை கட்டை அள்ளிக்கொள்வது அவ்வளவு கேவலம் இல்லை. கை கனத்தவரிடம் மூன்றும் நான்குமாகச் சேர்ந்துவிடும், அதற்குப் பிறகு அந்த எண்களைப் பற்றி யார் பொய் சொன்னாலும் அவருக்குத் தெரியும்.

பிடிப்பது யார் பொறுப்பு என்ற பழைய கேள்விக்கு இங்கே பதில்: யாருடையதும் அல்ல. பிடித்துத் தவறினால் கட்டு உங்கள் தலையில், சரியாகப் பிடித்தால் லாபம் ஐந்து பேருக்கும் பொது. அதனால் எல்லாரும் "இன்னொருத்தன் பிடிக்கட்டும்" என்று உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சோம்பல்தான் உங்கள் அத்தை பையனின் ஆயுதம் என்று நினைக்கிறேன். கட்டு சிறியதாக, மூன்று நான்கு சீட்டாக இருக்கும்போது அவனை அடிக்கடி பிடியுங்கள். தவறினாலும் நஷ்டம் கொஞ்சம், அவன் எப்படி ஆடுகிறான் என்பது தெரிந்துவிடும், அதைவிட முக்கியமாக, பெரிய கட்டு வரும்போது அவன் யோசிப்பான். இந்த ஆட்டத்தில் ஒரே ஒரு இறக்கத்தை மட்டும் யோசிக்காமல் பிடித்தே ஆக வேண்டும், ஒருவருடைய கடைசிச் சீட்டை. விட்டால் ஆட்டம் முடிந்தது, பிடிப்பதால் இழக்க ஒன்றும் இல்லை. அதனாலேயே உங்கள் கடைசிச் சீட்டு உண்மையாக இருக்கும்படி இரண்டு மூன்று முறைக்கு முன்பே திட்டமிட வேண்டும். ஹாஸ்டல் வகையில் கடைசி ஜோடியை வைத்துக்கொண்டு, ஆரம்பிக்கும் உரிமை உங்களிடம் வரும்வரை காத்திருப்பதுதான் சுலபமான வழி.

யாரும் பிடிக்க மாட்டார்கள் என்ற இந்தச் சோம்பலையே முழு ஆட்டமாக மாற்றியது 'கூ'. ரிக்கி தாடா வடிவமைத்து 2012இல் வந்த சிறு பெட்டி. மொத்தம் 15 சீட்டு, ஐந்து பாத்திரங்கள், ஒவ்வொன்றும் மூன்று. ஆளுக்கு இரண்டு சீட்டு, இரண்டு காசு. சீட்டுத்தான் உயிர். டியூக் என்று சொன்னால் 3 காசு எடுக்கலாம், கேப்டன் அடுத்தவரிடம் 2 காசு திருடுவார், அசாசின் 3 காசு கட்டி ஓர் உயிரை எடுப்பார், கன்டெஸா அசாசினைத் தடுப்பார், அம்பாசடர் சீட்டு மாற்றிக்கொள்வார். 7 காசு சேர்ந்தால் தடுக்கவே முடியாத ஒரு அடி. எந்தப் பாத்திரம் கையில் இருப்பதாகவும் சொல்லிக்கொள்ளலாம், யாரும் கேட்காதவரை அது உண்மை.

ஒருவர் முதல் முறையே "டியூக்" என்கிறார். உங்கள் கையில் டியூக் இல்லை. அவரிடம் இருக்க வெறும் கணக்கில் 42 சதவீதம், பிடித்தால் ஜெயிக்க 58. இருந்தும் பிடிக்காதீர்கள். தோற்றால் உங்கள் உயிரில் பாதி போய்விடும், ஜெயித்தால் அவருடையது பாதி போகும், வேடிக்கை பார்த்த நாலு பேரும் உங்களைவிடச் சந்தோஷப்படுவார்கள். உங்கள் கையிலேயே இரண்டு டியூக் இருந்தால் பிடியுங்கள், அப்போது அவரிடம் இருக்க 15 சதவீதம்தான். இதன் மறுபக்கம்: முதல் சுற்றில் நீங்களும் கூசாமல் டியூக் என்று சொல்லலாம். ஒரே ஒரு பொய் மட்டும் ரொம்ப விலை உயர்ந்தது. இரண்டு உயிரும் இருக்கும்போது அசாசினைத் தடுக்க இல்லாத கன்டெஸாவைச் சொல்லி மாட்டினால் பொய்க்கு ஒன்று, கொலைக்கு ஒன்று என்று இரண்டும் ஒரேயடியாகப் போகும். அப்புறம் ஒரு நுணுக்கம்: சந்தேகப்பட்டு, நீங்கள் உண்மையான டியூக்கைக் காட்டினால் அந்தச் சீட்டு கட்டுக்குள் போய்க் கலந்து, வேறு சீட்டு வரும். "இவரிடம் டியூக் இருக்கிறது, பார்த்தோமே" என்று மேசையே நம்பிக்கொண்டிருக்கும். இல்லாத டியூக்கை வைத்து மூன்று சுற்று காசு எடுக்கலாம்.

சந்தேகப்பட வேண்டிய ஆளை நீங்களே தேர்ந்தெடுக்கிற ஆட்டம் வேண்டுமென்றால் ஜெர்மன் பெட்டியான கரப்பான்பூச்சி போக்கர். பூச்சியும் பிராணியுமாக எட்டு வகை, வகைக்கு எட்டு, மொத்தம் 64 சீட்டு. ஒன்றைக் கவிழ்த்து யாரிடமாவது தள்ளி "இது வௌவால்" என்று சொல்வீர்கள். அவர் உண்மையா பொய்யா என்று சொல்லலாம், அல்லது பார்த்துவிட்டு இன்னொருவரிடம் தள்ளலாம். தவறினவர் முன்னால் சீட்டு சேரும், ஒரே வகை நான்கு சேர்ந்தவர் தோற்றார். வெற்றியாளரே கிடையாது. உத்தி என்று அதிகம் இல்லை, எல்லாரும் சேர்ந்து ஒருவரை வறுத்தெடுக்கிற ஆட்டம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களைக் குறிவைக்கக் கூடாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

பகடையை முதன்முறை ஆடும்போது ஒன்று ஜோக்கர் இல்லாமல் ஒரு ஆட்டம் முடித்துவிட்டு அப்புறம் ஜோக்கரைச் சேருங்கள், அதற்கடுத்த ஆட்டத்தில் பாதியாக்கும் விதியைக் கொண்டுவாருங்கள். சண்டை வராமல் இருக்க இவற்றை முன்னாலேயே முடிவு செய்வது நல்லது: ஒன்றின் மேல் ஒன்று ஏறியோ டம்ளரில் சாய்ந்தோ நிற்கும் பகடையை அவர் மட்டும் மறுபடி குலுக்க வேண்டும், ஏலம் தொடங்கிய பிறகு குலுக்கல் கிடையாது, வெளியே போனவர் அடுத்தவர் டம்ளரை எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணைக் காட்டக் கூடாது. ப்ளஃபில் அடுத்தவர் சீட்டு மேசையைத் தொடும்வரைதான் முந்தைய இறக்கத்தைப் பிடிக்கலாம். கடைசிச் சீட்டுக்கு மட்டும் மூன்று எண்ணும்வரை பொறுக்க வேண்டும்.